இரண்டாவது விஷயத்துக்கு ஒரு சொம்பு

ரஞ்சிதம் காலையில் மண்டகப்பட்டில் பஸ் ஏறுவதற்கு முன்னால் அரை டம்ளர் தண்ணீர் குடிப்பாள். அவ்வளவுதான். அடுத்த வாய்த் தண்ணீர் பொழுது போய் வீடு திரும்பிய பிறகு. பதினெட்டு வருஷமாக இதே வழக்கம். செஞ்சி பஜாரில் அரங்கநாதன் ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் நிஜமாகவே நிற்கிறாள், உட்காருவது மதியச் சோற்றுக்கு மட்டும்தான். வெயில் காலத்தில் கோட்டை மலைப் பாறையெல்லாம் காய்ந்து அந்தச் சூடு பஜாருக்குள் இறங்கும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் ஒட்டட்டும். தண்ணீர் குடித்தால் போக வேண்டி வருமே, எங்கே போவது?

பஸ் ஸ்டாண்டில் கழிப்பறை இருக்கிறது, இல்லை என்று யார் சொன்னது? போய்வர அரைமணி ஆகும். சோற்று வேளை போகக் கடையில் விடும் நேரம் பத்து நிமிஷம். கடைக்கு மேலே முதலாளி வீடு. அங்கே மாடிப்படி ஓரமாக ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு பூட்டும் இருக்கிறது. பஜாரில் பதினோரு துணிக்கடை, நாலைந்து பாத்திரக்கடை, பேன்சி ஸ்டோர், மருந்துக்கடை என்று எல்லாவற்றிலும் பெண்பிள்ளைகள்தான் வேலைக்கு நிற்கிறார்கள். பாதிப்பேர் சுற்றுக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். அத்தனை பேரும் காலையிலிருந்து அடக்கிக்கொண்டு, வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். சிரிப்பு எப்படித்தான் வருகிறதோ, எனக்குத் தெரியாது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ரஞ்சிதத்துக்கு நீர்க்கடுப்பு முற்றிக் குளிர்காய்ச்சல் வந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்ததும் நேராக ஹுசைன் பீயிடம் போய் உட்கார்ந்து அழுதாள்.

ஹுசைன் பீயைப் பற்றிச் சொல்லவேண்டும். கடைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிச் சந்தில் ஒரு தார்ப்பாயைக் கட்டி, அதன் கீழே தையல் மிஷின் போட்டிருக்கிறாள். இருபத்திரண்டு வருஷமாக அதே இடம். கடையில் புடவை எடுத்தவர்கள் பின்கதவு வழியாக அப்படியே இறங்கிவந்து புடவை ஓரத்துக்குப் பால்ஸ் வைத்துத் தைக்கக் கொடுத்துவிட்டுப் போவார்கள். புருஷன் போன பிறகு மகள் ஷிபாவை நர்சிங் வரைக்கும் படிக்க வைத்தது அந்த மிஷின்தான். பெரிய குரல், அதைவிடப் பெரிய மனசு.

"இன்னாத்துக்கு அழுவுற? இருக்கிற கொஞ்சம் தண்ணியையும் கண்ணு வழியா வுடுறியா? வெச்சிக்கடி, வேணும். நாம ஒரு சங்கம் வெப்போம்" என்றாள் ஹுசைன் பீ.

வைத்தார்கள். புதன்கிழமைதோறும் மதியம் இரண்டரை மணிக்கு, சோற்று டப்பாவோடு, தார்ப்பாய்க்குக் கீழே. முதல் கூட்டம் இருக்கிறதே, அடேயப்பா! ஒருத்தி தீபாவளி போனஸ் என்றாள். இன்னொருத்தி ராத்திரி ஒன்பது மணி பஸ் நிற்காமல் போகிறது என்றாள். பாத்திரக்கடை சுந்தராம்பாள் ரேஷன் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டாள், விடவேயில்லை. அரைமணி முடிந்துபோனது. கழிப்பறை என்ற சொல்லை ஒருத்தியும் சொல்லவில்லை.

ஹுசைன் பீ கத்தரிக்கோலால் மிஷின் பலகையில் டொக்டொக்கென்று தட்டினாள். "கேட்டுக்கங்க. இந்த சங்கத்துக்கு ஒரே விஷயம். நமக்குப் போறதுக்கு ஒரு எடம். பஸ்ஸு, சக்கர, போனசு எல்லாம் நாயந்தான். ஆனா அத்தனையும் சேத்துக் கேட்டா அஞ்சு பேரு அஞ்சு வாக்குறுதி குடுத்துட்டுப் போயிடுவான். ரெண்டாவது விஷயம் எவ பேசுறாளோ, அவ இந்தப் பானையில இருந்து ஒரு சொம்புத் தண்ணிய அங்கயே நின்னு குடிக்கணும்."

"ஐயோ, ஒரு சொம்பா!" என்று எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எட்டரை மணிக்குக் கடை அடைக்கும்வரைக்கும் என்ன ஆவது? அப்படியும் அடுத்த வாரமே சுந்தராம்பாள் மறதியாக மறுபடி சர்க்கரையை எடுத்தாள். குடித்தாள். ஐந்து மணிக்கு அவள் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து ஓடிய ஓட்டத்தைப் பஜார் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறது. அதற்கப்புறம் ஐந்து வருஷத்தில் மூன்றே பேர்தான் சொம்பைத் தொட்டார்கள்.

ஆண்பிள்ளைகள் அவர்களுக்கு ஒண்ணுக்கு சங்கம் என்று பேர் வைத்தார்கள். வைத்தால் வைக்கட்டும் என்று இவர்கள் பேரூராட்சிக்கு மனு மேல் மனுவாகக் கொடுத்தார்கள். யாரும் கூடாது என்று சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை. கோயில் பக்கம் வேண்டாம் என்றார்கள். பள்ளிக்கூடப் பக்கம் வேண்டாம் என்றார்கள். பிரியாணிக் கடைக்காரர், "அவசியம் கட்டணும்மா, நம்ம கடை வாசலத் தவிர எங்க வேணா கட்டுங்க" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அலுவலகத்தில், "ஆட்சேபணை இல்லாத இடமாகக் காட்டுங்கள், செய்துவிடலாம்" என்றார்கள். அந்த மாதிரி இடம் செஞ்சியில் கோட்டை உச்சியில்தான் இருக்கும்.

கவுன்சிலர் தேர்தல் வந்தபோது வேட்பாளர்களிடம் போனார்கள். ஒருவர் நாசூக்காகவே சொன்னார்: "உங்க நாயம் புரியுது. ஆனா உங்கள்ல முக்காவாசிப் பேருக்கு ஓட்டு இங்க இல்லியேம்மா." உண்மைதான். நாள் முழுக்க நிற்பது இந்த ஊரில், ஓட்டு இருப்பது வேறு ஊரில். அவர்களுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

அன்றைக்குத்தான் ரஞ்சிதத்துக்கு அந்த யோசனை வந்தது. ஓட்டு நம்மிடம் இல்லாவிட்டால் என்ன, ஓட்டு இருக்கிறவர்கள் தினமும் நம் எதிரே வந்து உட்காருகிறார்களே! மூன்று வாரம் பதினோரு துணிக்கடையிலும் புடவையை விரித்து முந்தானையைக் காட்டும்போதே ஒரே ஒரு கேள்வி: "அக்கா, காலைல ஒம்போது மணிலேர்ந்து நிக்கிறேன். நான் எங்க போவேன் சொல்லுங்க?" அவ்வளவுதான், வேறு பேச்சில்லை. கட்சி இல்லை, சின்னம் இல்லை. கேட்ட பெண்கள் வீட்டுக்குப் போனார்கள், பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஓட்டுக் கேட்டு வந்தவர்களையெல்லாம் வாசலிலேயே நிறுத்தி அதையே கேட்டார்கள். "நான் கட்டுறேன்" என்று முதலில் சொன்ன சாரதா அறுபத்தொரு ஓட்டில் ஜெயித்தாள்.

சாரதா வாக்கைக் காப்பாற்றுகிறவள். இந்த வருஷம் எப்படியோ முட்டிமோதி அனுமதி வாங்கிவிட்டாள். "எடத்த மட்டும் படம் போட்டுக் குடு ரஞ்சிதம். எவனும் வாய் தொறக்காத எடமா இருக்கணும்" என்றாள்.

ரஞ்சிதம் சங்கத்துக்குச் செயலாளர், கையெழுத்தும் குண்டுகுண்டாக அழகாக இருக்கும். தண்ணீர்த் தொட்டிச் சந்தை அளந்து படம் போட்டாள். சந்தின் ஒரு கோடியில் அரங்கநாதன் கடையின் பின்கதவு, துணி பேல் லாரியிலிருந்து இறங்குகிற இடம். மறுகோடியில் ஹுசைன் பீயின் தார்ப்பாய். நடுவில் கழிப்பறை. பின்கதவிலிருந்து எட்டடி தாராளமாகத் தள்ளி, அங்கிருந்து கட்டத்தை ஆரம்பித்தாள். படத்துக்குக் கீழே, "இந்தச் சந்தில் எங்கே கட்டினாலும் எங்களுக்குச் சம்மதம்" என்று எழுதினாள். கொடுத்தாள்.

திங்கட்கிழமை மேஸ்திரி டேப்போடும் சுண்ணாம்புப் பொடியோடும் வந்தார். கட்டத்தின் மறுமுனை எங்கே வருகிறது என்று அப்போதுதான் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. வெள்ளைக் கோடு நேராகத் தார்ப்பாய்க்குள் போய், மிஷின் காலுக்கு நடுவில் நுழைந்து, அந்தப் பக்கம் வெளியே வந்தது. மேஸ்திரி தயங்கினார். ஹுசைன் பீ மிதியிலிருந்து காலைத் தூக்கிக்கொண்டாள், அவர் கோடு போட வசதியாக. போட்டு முடிந்ததும் காலை இறக்கித் தைக்க ஆரம்பித்தாள்.

பின்கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ரஞ்சிதம் கையிலிருந்த புடவையை அப்படியே போட்டாள். ஓடிவந்தாள்.

"அக்கா, இன்னாக்கா இது! உங்க மிஷினு..."

"நாலு நாளு முன்னாடியே கவுன்சிலரம்மா படத்தக் காட்டுச்சி."

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எங்க சொல்றது? கூட்டத்துல சொன்னா அது ரெண்டாவது விஷயம். ரூலு போட்டவளே மீறுனா அது சங்கமா, சந்தையா?" என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "போ, உங்க மொதலாளி பாக்கறாரு."

அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை ரஞ்சிதத்துக்கு. மறந்துபோய்ப் போட்ட கோடு என்றால்கூட மனசு ஆறும். மறக்கவில்லையே! படம் போடும்போது முதலாளியின் முகம் கண்முன்னால் நின்றது. பின்கதவை மறைத்தால் அவர் சத்தம் போடுவார், வேலை போனாலும் போகும் என்று பயந்து எட்டடி தள்ளினாள். தள்ளும்போது பென்சில் ஹுசைன் பீயின் பக்கம்தானே போகிறது என்று தெரியாமலா இருந்தது? பீ அக்காதானே, ஒன்றும் சொல்லமாட்டாள் என்று நினைத்தாள். வேண்டியவர்கள் என்றால் நமக்கு எவ்வளவு இளக்காரம் பாருங்கள்.

புதன்கிழமை கூட்டத்துக்குச் சாரதாவே வந்துவிட்டாள், கையில் படமும் சம்மதக் கடிதமும். "செயலாளரு கையெழுத்துப் போட்டா போதும். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள நான் ஆபீசுல குடுக்கணும். தப்புனா அடுத்த வருஷ லிஸ்டுதான், இப்பவே சொல்லிட்டேன்."

பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். எல்லார் முகத்திலும் கல்யாணக் களை. தளவானூர் வித்யாஸ்ரீ வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆறு மாசம். இதற்குள் இரண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து ஊசி போட்டாகிவிட்டது. தார்ப்பாய்க்குள் போகும் கோடு எல்லார் கண்ணிலும்தான் பட்டது. யாரும் அதைப் பார்க்கவில்லை. ஹுசைன் பீ பேனாவை எடுத்து ரஞ்சிதத்திடம் நீட்டினாள்.

ரஞ்சிதம் பேனாவை வாங்கவில்லை. எழுந்து பானையிடம் போனாள்.

"ரெண்டாவது விஷயம் ஒண்ணு பேசணும்."

"வேணாம் ரஞ்சி. உக்காரு" என்றாள் ஹுசைன் பீ. அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்றோ, பாதிதான் வந்தது.

ரஞ்சிதம் சொம்பை முக்கினாள். அண்ணாந்து குடித்தாள். பதினெட்டு வருஷத்தில் அந்தப் பஜாரில், பட்டப்பகலில், வயிறு நிறையக் குடித்த முதல் தண்ணீர். என்ன குளிர்ச்சி, என்ன ருசி! கழுத்து நனைந்தது. கவிழ்த்துக் காட்டிவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தாள்.

"இந்தப் படத்துல இருக்கிற தப்பு என்னுது. மொதலாளிக்குப் பயந்து எட்டடி வுட்டேன். அந்த எட்டடிதான் பீ அக்கா எடத்துல போய் விழுந்துச்சி. கட்டத்த அந்தப் பக்கம் தள்ளுனா ரெண்டும் நிக்கும். பேலு மட்டும் முன்வாசல்ல எறக்கணும். நான் மொதலாளிகிட்ட கேக்கப் போறேன்."

வித்யாஸ்ரீக்குக் கோபம் வந்துவிட்டது. நியாயமான கோபம்தான். "இன்னாக்கா பேசற? அவரு முடியாதுன்னா? இத வுட்டா ஒரு வருஷம்! மிஷின வேற எடத்துல போடலாம். நான் இந்த வயித்த எங்க போய் வெப்பேன்?" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அவ கேக்குறது கரெக்டு. கையெழுத்துப் போடுடி" என்றாள் ஹுசைன் பீ.

பிறகு சுந்தராம்பாள் எழுந்தாள். "எனக்கும் ரெண்டாவது விஷயம்தான். இந்த தார்ப்பாய்க்குக் கீழ அஞ்சு வருஷம் சோறு தின்னுருக்கேன். எட்டடிய கேட்டுப் பாக்கலாம்" என்று சொம்பை எடுத்தாள். அவளுக்குப் பின்னால் மருந்துக்கடைப் பெண் எழுந்தாள். பேன்சி ஸ்டோர் பெண் எழுந்தாள். விதி விதிதானே, பேசினவள் ஒவ்வொருத்தியும் குடித்தாள். பானை பாதியாகி, கால்வாசியாகி, அடியில் டங்கென்று சத்தம் கேட்டது. கடைசியில் வித்யாஸ்ரீ மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அஞ்சு மணி வரைக்கும்தான். அவரு ஒத்துக்கலன்னா பழைய படத்துலயே கையெழுத்துப் போடணும். சத்தியம் பண்ணு."

"சத்தியம்" என்றாள் ரஞ்சிதம்.

வித்யாஸ்ரீ மீதியிருந்ததைச் சாய்த்து எடுத்துக் குடித்தாள்.

அரங்கநாதன் கெட்ட மனிதர் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார். "ரஞ்சிதம், நீயே சொல்லு. பின்னாடி வழி இல்லாம பேல எப்படி எறக்குறது? முன்னாடி எறக்குனா பஜாரு அடைச்சிக்கும், எல்லாரும் என்னத் திட்டுவான். கட்டுறத நானா வேணான்றேன்? அந்த எட்டடிய மட்டும் தொடாத." சொல்லிவிட்டு பில்லைப் பார்க்கக் குனிந்துவிட்டார். மணி மூன்றரை. ரஞ்சிதம் கல்லாவுக்கு முன்னாலேயே நின்றாள். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அதே பதில்.

நாலு மணிக்குத் தண்ணீர் தன் வேலையைக் காட்ட ஆரம்பித்தது. யாரும் திட்டம் போடவில்லை, சத்தியமாகப் போடவில்லை. சுந்தராம்பாள்தான் முதலில் வந்தாள், நடையே ஒரு தினுசாக. "ரஞ்சி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தாங்காதுடி. உங்க மாடி சாவிய வாங்கிக் குடு." சொல்லி வாய் மூடுவதற்குள் மருந்துக்கடைப் பெண் வந்தாள். அப்புறம் இரண்டு பேர். அப்புறம் ஐந்து பேர். நாலே காலுக்குப் புடவைப் பிரிவில் பத்தொன்பது பெண்கள், ஒருத்தி ரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு. வித்யாஸ்ரீ ஸ்டூலில் உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நிச்சயதார்த்தப் புடவை எடுக்க வந்திருந்த உள்ளூர் அம்மா ஒருத்தி ரஞ்சிதத்தை உற்றுப் பார்த்தாள். "எலக்‌ஷன் அப்ப புடவைய விரிச்சிக்கிட்டே எங்க போவேன்னு கேட்டியே, நீதானே? இன்னுமா கட்டல?"

"கட்டப் போறாங்கக்கா. எட்டடிதான் கொறையுது."

அந்த அம்மா விரித்த புடவையைத் தள்ளிவைத்தாள். திரும்பி அரங்கநாதனைப் பார்த்தாள். அவள் கூட வந்த நாலு பேரும் பார்த்தார்கள்.

அரங்கநாதன் இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்தார். "மொதல்ல அந்தப் புள்ளத்தாச்சிய அனுப்பு. ஒவ்வொருத்தரா போங்க."

வரிசை மாடிப்படி முழுக்க நின்றது. பக்கத்துக் கடை முதலாளிகள் வேலைக்காரப் பெண்களைத் தேடிக்கொண்டு வந்து எட்டிப்பார்த்தார்கள். வரிசையைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போனார்கள். இறங்கி வருகிற ஒவ்வொரு முகத்திலும் ஒரு நிம்மதி, அதைப் பார்த்துக்கொண்டே அரங்கநாதன் கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

"தெனமும் இப்படித்தான் கஷ்டப்படுறீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல மொதலாளி. தெனமும் நாங்க தண்ணியே குடிக்க மாட்டோம். இன்னிக்குக் குடிச்சோம்."

அவர் மேஜைமேல் எப்போதும் நிற்கிற தண்ணீர் பாட்டிலை எடுத்தார், மூடியைத் திருகினார், குடிக்காமல் மறுபடி மூடிவைத்தார். பிறகு, "படத்தக் குடு" என்றார். பழைய கட்டத்தை அடித்து, எட்டடி தள்ளி அவரே கோடு போட்டார், ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். "லாரிய காலைல கடை தெறக்கறதுக்கு முன்னாடி வரச் சொல்லிக்கலாம். போ, அந்தம்மா காத்துக்கிட்டு இருக்கும்."

ரஞ்சிதம் தன் கையெழுத்தையும் போட்டுக்கொண்டு ஓடினாள். மணி ஐந்தாகப் பன்னிரண்டு நிமிஷம். சாரதா படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியை முடுக்கினாள்.

திரும்பி வரும்போது மாடிப்படி காலியாக இருந்தது. அடிப்படியில் ஹுசைன் பீ மட்டும் சாவியோடு நின்றாள். அப்போதுதான் ரஞ்சிதத்துக்கு ஞாபகம் வந்தது, எல்லாருக்கும் முன்னால் குடித்தவள் தான்தான், இன்னும் போகாதவளும் தான்தான். அடக்கிப் பழகின உடம்பு, மறந்தே போயிருந்தது.

"எடம் உங்களுக்கே இருக்குதுக்கா" என்றாள். கண் கலங்கிவிட்டது. "நான் போட்ட கோடுக்கா அது. தெரிஞ்சேதான் போட்டேன்."

"தெரியும். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?" ஹுசைன் பீ முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தாள், கொஞ்சம் அழுத்தமாகவே. பிறகு சாவியை உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"மொதல்ல மேல போயிட்டு வா. வந்து எவ்ளோ வேணா அழு. இன்னிக்குத்தான் ஒரு சொம்பு குடிச்சிருக்கியே."

ரஞ்சிதம் சாவியை எடுத்துக்கொண்டு படியேறி ஓடினாள்.